ஸ்டார் கவுண்டியின் வாக்கு எண்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கிறது ஸ்டார் கவுண்டி. ஆற்றின் அக்கரை மெக்சிகோ. நிர்வாகத் தலைமையிடம் ரியோ கிராண்டே சிட்டி. ரோமா, லா குருய்யா, எஸ்கோபாரஸ் ஆகியவை மற்ற ஊர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 65,920 பேர். அவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர். 2012இல் இங்கே ஜனநாயகக் கட்சியின் ஒபாமா சுமார் 86 சதவீத வாக்கு பெற்றார். 2024இல் டிரம்ப் 57.7 சதவீதம் பெற்று ஜெயித்தார். அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி இந்தக் கவுண்டியைக் கைப்பற்றியது 1892க்குப் பிறகு அதுவே முதல்முறை.

இப்படிப்பட்ட கவுண்டியை வைத்து யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். அதுதான் ஆபத்து. "ஹிஸ்பானிக் மக்கள் கட்சி மாறிவிட்டார்கள்", "எல்லை ஊர்கள் புரண்டுவிட்டன", "ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வாக்களிக்கவே வரவில்லை" என மூன்று விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்றுமே கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுதியவை. எந்த எண்ணை எடுத்தாலும், அது யாரை எண்ணி வந்த எண் என்று கேட்காமல் விடுவதில்தான் இந்தத் தவறுகள் பெரும்பாலும் தொடங்குகின்றன.

முதலில் ஒரு தெளிவு. கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. தேர்தல் தொகுதி கிடையாது. டெக்சஸில் 254 கவுண்டிகள், நாடு முழுக்க சுமார் 3,140. அதிபர் தேர்தலில் ஒரு கவுண்டியை ஜெயித்தால் கட்சிக்குத் தனியாக எதுவும் கிடைக்காது. மாநிலத்தின் மொத்த வாக்கில் அதுவும் சேரும், அவ்வளவுதான். ஆனால் வாக்குப்பதிவை நடத்துவதும் எண்ணுவதும் பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டி அலுவலகங்களே. மக்கள்தொகை விவரமும் அதே எல்லைக்குக் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவதால்தான் கவுண்டிக்கு ஆய்வில் இவ்வளவு மதிப்பு.

சதவீதத்திலிருந்து தொடங்குவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது பதிவான வாக்குகளின் எண்ணிக்கை. ஸ்டார் கவுண்டியில் இரு பெரிய கட்சிகளும் பெற்றவை:

2016: கிளின்டன் 9,289, டிரம்ப் 2,224
2020: பைடன் 9,123, டிரம்ப் 8,247
2024: ஹாரிஸ் 6,862, டிரம்ப் 9,487

சதவீதத்தை மட்டும் பார்த்தவருக்கு 2020இல் ஜனநாயகக் கட்சி 79இலிருந்து 52க்குச் சரிந்தது தெரியும். வாக்குகளைப் பார்த்தால், கிளின்டனைவிட பைடனுக்குக் குறைந்தது வெறும் 166 வாக்கு. டிரம்புக்குக் கூடியதோ 6,023. இரு கட்சிகளும் சேர்ந்து 2016இல் 11,513, 2020இல் 17,370, கூடுதல் 5,857. அதாவது அந்தத் தேர்தலின் முக்கியச் செய்தி, முன்பு வாக்குச்சாவடிப் பக்கமே வராத ஒரு பெருங்கூட்டம் வந்தது என்பது.

2024இன் கதை வேறு. மொத்தம் 1,021 குறைந்தது. டிரம்புக்கு 1,240 கூடியது. ஜனநாயகக் கட்சிக்கு 2,261 குறைந்தது. 2020இல் கூட்டம் பெருகியதால் வந்த மாற்றம், 2024இல் ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளர்ந்ததால் வந்தது. இரண்டு தேர்தல்களையும் ஒரே கோடாக இழுத்து "எட்டு ஆண்டுச் சரிவு" என்று எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

இங்கேயே அடுத்த பள்ளமும் இருக்கிறது. 166 வாக்குதான் குறைந்தது என்பதால் 166 பேர்தான் மாறினார்கள் என்று சொல்லிவிடக் கூடாது. கிளின்டனுக்குப் போட்ட 2,000 பேர் டிரம்ப் பக்கம் போய், புதிதாக வந்தவர்களில் 1,834 பேர் பைடனுக்குப் போட்டிருந்தாலும் பைடனின் கணக்கு 9,123தான். அப்போது டிரம்பின் 6,023இல் 2,000 பேர் கட்சி மாறியவர்கள், 4,023 பேர் புதியவர்கள். ஒருவர்கூட மாறாமல், பழையவர்களில் சிலர் வராமல் போயிருந்தாலும் ஏறக்குறைய இதே எண்கள் வரும். நான்கு ஆண்டில் சிலர் இறந்திருப்பார்கள், சிலர் ஊர் மாறியிருப்பார்கள், சிலருக்கு 18 வயது நிரம்பியிருக்கும். கவுண்டியின் கூட்டுத்தொகை நிகர மாற்றத்தை மட்டுமே காட்டும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை டெக்சஸின் வாக்காளர் வரலாற்றுப் பட்டியலில் ஆள்வாரியாகப் பார்க்கலாம். யாருக்குப் போட்டார்கள் என்பது அதில் இருக்காது. அதற்கு, அதே ஆட்களிடம் இரண்டு தேர்தல்களிலும் கேட்ட கருத்துக்கணிப்பு வேண்டும்.

வித்தியாசத்தையும் நகர்வையும் குழப்புவதும் இதோடு சேர்ந்தே வரும். 2016இல் கிளின்டன் முன்னிலை 60 புள்ளி. 2020இல் பைடன் முன்னிலை 5 புள்ளி. "55 புள்ளி நகர்வு" என்று தலைப்பு வரும். முன்னிலை 55 புள்ளி குறைந்தது உண்மை. அதற்காக நூற்றுக்கு 55 பேர் மாறினார்கள் என்று பொருள் இல்லை. ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் முன்னிலை இரண்டு குறையும். இரு கட்சி வாக்கில் ஜனநாயகக் கட்சியின் பங்கைப் பார்த்தால் 80.7, 52.5, 42.0 என்று வருகிறது. முதல் நகர்வு 28 புள்ளி. எந்த அளவுகோலை எடுத்தாலும் சரி, கட்டுரை முழுக்க அதையே வைத்திருங்கள். "சதவீதம்" என்பதும் "சதவீதப் புள்ளி" என்பதும் வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

தவறான மொத்தத்தால் வகுப்பது

"65,920 பேரில் 17,370 பேர்தான் வாக்களித்தார்கள், நூற்றுக்கு 26 பேர்" என்று எழுதினால் கணக்கு சரி, பொருள் தவறு. அந்த 65,920இல் கைக்குழந்தையும் உண்டு, குடியுரிமை இல்லாதவரும் உண்டு. ஸ்டார் கவுண்டியில் சிறுவர்கள் அதிகம், வெளிநாட்டில் பிறந்தவர்களும் அதிகம். மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் இரண்டு முறை தண்டனை.

உள்ளுக்குள் உள்ளாகச் சுருங்கும் ஐந்து எண்களை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும்: மொத்த மக்கள்தொகை, 18 வயது நிரம்பியவர்கள், அவர்களில் குடிமக்கள், பதிவுசெய்த வாக்காளர்கள், வாக்களித்தவர்கள். முதல் இரண்டும் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பில் கிடைக்கும். மூன்றாவது அதில் கிடைக்காது. 2020 கணக்கெடுப்பில் குடியுரிமைக் கேள்வியே இல்லை. ஏசிஎஸ் எனப்படும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயின் ஐந்தாண்டுத் தொகுப்பிலிருந்து, வாக்களிக்கும் வயதுக் குடிமக்கள் பற்றிய தனி அட்டவணையை கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. வாக்குப்பதிவு விகிதத்துக்கு அடித்தொகையாக அதைத்தான் எடுக்க வேண்டும்.

பதிவுசெய்த வாக்காளர்களால் வகுப்பதும் ஒரு வழி. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிடும்போது காலை வாரிவிடும். டெக்சஸில் முகவரி உறுதியாகாதவர்களை "சஸ்பென்ஸ்" பட்டியலில் வைப்பார்கள். அவர்கள் ஊரை விட்டே போயிருந்தாலும் பதிவு எண்ணிக்கையில் சில காலம் இருப்பார்கள். வடக்கு டகோடாவில் வாக்காளர் பதிவு என்ற நடைமுறையே இல்லை.

ஏசிஎஸ் என்பது மாதிரிக் கணிப்பு. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். அது 90 சதவீத நம்பகத்துக்கானது. 95க்கு மாற்ற, அதை 1.645ஆல் வகுத்து 1.96ஆல் பெருக்க வேண்டும். ஒரு கவுண்டியில் பட்டதாரிகள் 22 சதவீதம், பிழை வரம்பு 3. சில ஆண்டு கழித்து 26, பிழை வரம்பு 3.5 என்று வைத்துக்கொள்வோம். நான்கு புள்ளி உயர்வு என்று எழுதிவிடத் தோன்றும். இரண்டு பிழைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 9 கூட்டல் 12.25, அதன் மூலம் 4.6. வித்தியாசத்தைவிட அதன் பிழையே பெரிது. உயர்வு என்று எழுத இடமில்லை.

65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு மட்டுமே ஏசிஎஸ் ஓராண்டு மதிப்பீடு வெளியாகும். ஸ்டார் கவுண்டி அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. ஓராண்டு எண் கிடைத்தாலும் அதில் பிழை வரம்பு அகலமாக இருக்கும். இந்த அளவுக் கவுண்டிக்கு ஐந்தாண்டுத் தொகுப்பே பாதுகாப்பு. 2018 முதல் 2022 வரையிலான தொகுப்பையும் 2019 முதல் 2023 வரையிலான தொகுப்பையும் ஒப்பிட்டு "ஓராண்டு மாற்றம்" என்று எழுதாதீர்கள். நான்கு ஆண்டுகள் இரண்டுக்கும் பொது. ஆண்டுகள் ஒன்றோடொன்று மேற்பொருந்தாத தொகுப்புகளையே ஒப்பிட வேண்டும்.

சிறைக்கைதிகள் சிறை இருக்கும் கவுண்டியிலும், மாணவர்கள் கல்லூரி விடுதி இருக்கும் கவுண்டியிலும் எண்ணப்படுகிறார்கள். சிறையில் இருப்பவர்களும் வாக்களிக்க முடிவது மெய்ன், வெர்மான்ட், தலைநகர் வாஷிங்டன் ஆகிய இடங்களில் மட்டுமே. சிறை உள்ள சிறிய கிராமப்புறக் கவுண்டியில் கறுப்பினத்தவர் விகிதம் திடீரென்று உயர்ந்து தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இனப் பட்டியலின் மாற்றத்தை மக்களின் மாற்றமாக எண்ணுவது

2020 கணக்கெடுப்புவரை ஹிஸ்பானிக் பூர்வீகமா என்பது ஒரு கேள்வி, இனம் எது என்பது இன்னொரு கேள்வி. ஒருவர் ஹிஸ்பானிக்காகவும் வெள்ளையராகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம். தெற்கு டெக்சஸில் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலோர் அப்படித்தான் குறித்துவந்தார்கள். 2020இல் கேள்வியின் அமைப்பையும், எழுதிய பதிலைக் குறியீடாக்கும் முறையையும் மாற்றினார்கள். விளைவு: வெள்ளையர் மட்டும் என்று பதிவான ஹிஸ்பானிக் மக்கள் நாடு முழுக்க 2.67 கோடியிலிருந்து 1.26 கோடியாகக் குறைந்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தவராகப் பதிவானவர்கள் மொத்தத்தில் 90 லட்சத்திலிருந்து 3.38 கோடி ஆனார்கள். பத்தாண்டில் யாரும் காணாமல் போகவில்லை, பெட்டி மாறியது.

"வெள்ளையர் 8.6 சதவீதம் குறைந்தனர்" என்ற அப்போதைய தலைப்புச் செய்தி இப்படித்தான் வந்தது. ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையரை மட்டும் எடுத்தால் குறைவு 2.6 சதவீதம். 2010க்கும் 2020க்கும் இடையில் கவுண்டியை ஒப்பிடும்போது "வெள்ளையர் மட்டும்" என்ற வரியைத் தொடாதீர்கள். "ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர்", "ஹிஸ்பானிக், எந்த இனமானாலும்" என்ற இரண்டையும் எடுங்கள். 2024 மார்ச்சில் கூட்டாட்சி அரசு இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கும் புதிய தரத்தை அறிவித்தது. மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளிக்குத் தனிப் பெட்டியும் அதில் உண்டு. அந்தத் தரத்தில் எடுக்கப்படும் விவரத்தைப் பழையதோடு நேரடியாக ஒட்ட முடியாது.

இன்னொன்று: 2020 விவரத்தில் தனிநபர் ரகசியத்தைக் காக்க வேண்டுமென்றே சிறு இரைச்சல், அதாவது எண்களைத் தற்செயலாகக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும் மாற்றம், கலந்திருக்கிறார்கள். கவுண்டி அளவில் அது பொருட்டில்லை. ஒரு தெருவளவான பிளாக்கின் எண்ணை எடுத்துப் பேசினால் பொருட்டு.

ஊரின் எண்ணிலிருந்து ஆளின் மனதைப் படிப்பது

ஹிஸ்பானிக் மக்கள் அதிகமுள்ள கவுண்டிகள் ஒரு கட்சி பக்கம் நகர்ந்தால், நகர்ந்தவர்கள் ஹிஸ்பானிக் மக்களே என்று முடிவுகட்டுவது இயல்பாக வரும் பிழை. 1950இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1930 கணக்கெடுப்பை வைத்து இதை அழகாகக் காட்டினார்: வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குறைவு, ஆனால் ஆள்வாரியாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடையேதான் அவர்கள் அதிகம். குடியேறிகள் ஏற்கெனவே கல்வி வளர்ந்த மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்ததே காரணம்.

கவுண்டி எண்ணிலிருந்து எவ்வளவு தூரம் பேசலாம் என்பதற்கு ஓர் எளிய எல்லைக் கணக்கு உண்டு. ஸ்டார் கவுண்டியையே எடுப்போம். 2024இல் இரு கட்சி வாக்கு 16,349. வாக்களித்தவர்களில் ஹிஸ்பானிக் அல்லாதவர்கள் தாராளமாக 5 சதவீதம், அதாவது 817 பேர் என்று வைப்போம். அந்த 817 பேரும் ஒருவர் விடாமல் டிரம்புக்கே போட்டார்கள் என்றும் வைப்போம். 9,487இலிருந்து 817 போனால் மிச்சம் 8,670. ஹிஸ்பானிக் வாக்குகள் 15,532. பங்கு 55.8 சதவீதம். மிக மோசமான அனுமானத்திலும் இந்தக் கவுண்டியின் ஹிஸ்பானிக் வாக்காளர்களில் பாதிக்கு மேல் டிரம்புக்குப் போட்டிருக்கிறார்கள். இங்கே இதை உறுதியாக எழுதலாம்.

இதே கணக்கை அரிசோனாவின் மாரிகோபா கவுண்டிக்குப் போட்டுப் பாருங்கள். 2020இல் மக்கள்தொகை 44 லட்சம், ஹிஸ்பானிக் பங்கு சுமார் 31 சதவீதம். பைடன் 10,40,774, டிரம்ப் 9,95,665. வாக்களித்தவர்களில் ஹிஸ்பானிக் கால்பங்கு என்று வைத்தாலும், அவர்கள் எல்லோரும் பைடனுக்குப் போட்டிருந்தாலும் கணக்கு பொருந்தும், எல்லோரும் டிரம்புக்குப் போட்டிருந்தாலும் பொருந்தும். எல்லை 0 முதல் 100வரை. அதாவது கவுண்டி எண் எதையுமே சொல்லவில்லை. அங்கே வாக்குச்சாவடி அளவுக்கு இறங்கி, ஒரே சமூகத்தினர் பெரும்பாலும் வாழும் சாவடிகளைத் தேட வேண்டும். அதோடு கருத்துக்கணிப்பையும் சேர்க்க வேண்டும்.

சாவடி அளவுக்கு இறங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சில கவுண்டிகள் தபால் வாக்குகளை அந்தந்தச் சாவடியில் சேர்க்காமல் தனி வரியில் மொத்தமாகக் கொடுக்கும். அதைக் கவனிக்காவிட்டால் ஒவ்வொரு சாவடியும் நேரில் வந்தவர்களின் கட்சியைத்தான் காட்டும். இன விவரத்துக்கும் இதேபோல் மாநில வேறுபாடு உண்டு. ஃபுளோரிடா, ஜார்ஜியா, வட கரோலினா போன்ற மாநிலங்களில் வாக்காளர் பட்டியலிலேயே இனம் பதிவாகிறது. டெக்சஸில் கிடையாது, ஸ்பானியக் குடும்பப் பெயரை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். திருமணத்தால் பெயர் மாறியவர்கள் இரு பக்கமும் தப்புவார்கள்.

ஒரு பெட்டிக்குள் இருப்பவர்களை ஒரே மக்களாகக் கருதுவது

ஃபுளோரிடாவின் மயாமி-டேட் கவுண்டியில் ஹிஸ்பானிக் பங்கு 2020இல் 68.7 சதவீதம். அதிபர் தேர்தலில் 2016இல் கிளின்டன் 29 புள்ளி முன்னிலை, 2020இல் பைடன் 7 புள்ளி, 2024இல் டிரம்ப் 11 புள்ளி முன்னிலை. 1988க்குப் பிறகு அங்கே குடியரசுக் கட்சிக்கு அது முதல் வெற்றி. ஸ்டாரின் கோடும் இதன் கோடும் பார்க்க ஒரே சாய்வில் இருக்கும். மனிதர்கள் வேறு. ஹையலியா போன்ற ஊர்களில் கியூபாவிலிருந்து வந்த குடும்பங்கள், சுற்றிலும் வெனிசுலா, கொலம்பியா, நிகரகுவாவிலிருந்து வந்தவர்கள். ஸ்டாரில் மெக்சிகோ வம்சாவளியினர். பலரின் முன்னோர் 1848இல் இன்றைய எல்லை உறுதியாவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். ஆர்லாண்டோவுக்குப் பக்கத்திலுள்ள ஒசியோலா கவுண்டியில் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமக்கள், குடியுரிமைக் கணக்கே அவர்களுக்கு வேறு. ஒசியோலாவும் 2024இல் டிரம்ப் பக்கம் போனது. மூன்றுக்கும் ஒரே விளக்கம் எழுதுவது சோம்பேறித்தனம்.

"ஆசியர்" பெட்டியும் இப்படித்தான். வியட்நாமியர், சீனர், இந்தியர், பிலிப்பினோ எல்லோரும் அதற்குள். தமிழர்களைத் தேடுபவர்கள் ஏசிஎஸ்ஸின் வீட்டு மொழி விவரத்தை எடுப்பார்கள். விரிவான அட்டவணையில் தமிழுக்குத் தனி வரியே உண்டு. ஆனால் அது ஐந்து வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் எண்ணுகிறது: எச்-1பி விசாவில் இருப்பவர், பச்சை அட்டைக்குக் காத்திருப்பவர், பள்ளிப் பிள்ளை எல்லோரும் சேர்த்தி. வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசும் இரண்டாம் தலைமுறைத் தமிழர் அதில் இல்லை. அவருக்கோ வாக்குரிமை உண்டு. அந்த எண்ணை "தமிழ் வாக்காளர்கள்" என்று எழுதவே கூடாது.

பதிவு, பிரைமரி, பிற பதவிகள்

டெக்சஸில் கட்சிவாரியாகப் பதிவுசெய்யும் முறை இல்லை. கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலான பிரைமரி அன்று எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை வாங்குவது என்று வாக்காளரே முடிவுசெய்கிறார். ஸ்டார் போன்ற கவுண்டிகளில் ஷெரிஃப், கவுண்டி நீதிபதி போன்ற உள்ளூர்ப் பதவிகள் நீண்டகாலம் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியிலேயே தீர்ந்துவிட்டன. உள்ளூரில் பேச்சு வேண்டுமென்றால் அந்தச் சீட்டை வாங்கியாக வேண்டும். எனவே மார்ச் மாத பிரைமரியில் ஆயிரக்கணக்கானோர் வந்ததை வைத்து நவம்பரைக் கணித்தவர்கள் ஏமாந்தார்கள்.

கட்சிப் பதிவு உள்ள இடங்களிலும் பதிவு காலத்துக்குப் பிந்தியே மாறும். கென்டக்கியில் 2016இல் டிரம்ப் சுமார் 30 புள்ளி முன்னிலையில் ஜெயித்தார். பதிவில் குடியரசுக் கட்சி முந்தியது 2022இல்தான். அங்கே எலியட் கவுண்டி, 1869இல் உருவானது முதல் ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிக்கே போட்டு, 2016இல் டிரம்புக்கு 70 சதவீதம் கொடுத்தது.

ஒரு பதவிக்கான வாக்கை இன்னொன்றுக்கு ஏற்றுவதும் தவறு. ஸ்டார் அடங்கிய டெக்சஸ் 28ஆவது நாடாளுமன்றத் தொகுதியை 2024இல் டிரம்ப் கைப்பற்றினார். அதே நாளில் ஜனநாயகக் கட்சியின் ஹென்றி குவெய்யார் தன் இடத்தைத் தக்கவைத்தார். டெக்சஸில் ஒரே குறியில் கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் வாக்களிக்கும் வசதி 2020 தேர்தலிலிருந்து நீக்கப்பட்டது என்பதும் கணக்கில் வர வேண்டும். 2016, 2018 முடிவுகளைக் கீழ்ப்பதவிகளில் 2020உடன் ஒப்பிடும்போது, மாறியது வாக்காளரா வாக்குச்சீட்டா என்று தெரியாது.

வரைபடமும் முன்னறிகுறிக் கவுண்டியும்

நிறம் பூசிய கவுண்டி வரைபடம் நிலத்தைக் காட்டுகிறது. டெக்சஸின் லவ்விங் கவுண்டியில் 2020இல் 64 பேர். டிரம்புக்கு 60 வாக்கு, பைடனுக்கு 4. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 1,00,14,009 பேர். ஜனநாயகக் கட்சியின் நிறத்தில், முழு நீலமாகத் தெரியும் அந்த லாஸ் ஏஞ்சலஸில் டிரம்ப் 2020இல் வாங்கியது 11,45,530 வாக்கு. வரைபடம் போட்டே ஆக வேண்டுமென்றால் முன்னிலை வாக்குகளின் அளவுக்கு வட்டம் போடுங்கள்.

"இந்தக் கவுண்டி யாரைத் தேர்ந்தெடுக்கிறதோ அவர்தான் அதிபர்" என்ற பேச்சுக்கும் ஆயுள் குறைவு. 1980 முதல் 2016வரை ஒவ்வொரு முறையும் ஜெயித்தவர் பக்கம் நின்ற கவுண்டிகள் 19. அவற்றில் 2020இலும் தப்பாமல் நின்றது வாஷிங்டன் மாநிலத்தின் கிளாலம் மட்டுமே. 2024இல் அதுவும் தோற்றவர் பக்கம் போனது. மூவாயிரம் கவுண்டிகளில் தற்செயலாகவே சில தொடர்ந்து சரியாக அமையும்.

தேர்தல் இரவில் அவசரப்படுவது

பென்சில்வேனியாவில் தபால் வாக்கு உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் பிரிக்கக் கூடாது. அதனால் நேரில் போட்டவை முதலில் வரும், தபால் வாக்குகள் பின்னால் வரும். ஃபுளோரிடாவில் முன்பே சரிபார்த்து வைத்திருப்பதால் மயாமி-டேட் முடிவின் பெரும்பகுதி சாவடி மூடிய சற்று நேரத்திலேயே வந்துவிடும். அரிசோனாவில் தேர்தல் நாளன்று நேரில் கொண்டுவந்து போடப்படும் தபால் உறைகள் பெரும்பாலும் கையெழுத்துச் சரிபார்ப்புக்குப் பிறகே எண்ணப்படும். ஆகவே இரவு பத்து மணிக்கு ஒரு கவுண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது, எந்த வகை வாக்கு எண்ணி முடிந்தது என்பதைப் பொறுத்தது. "சாவடிகள் 100 சதவீதம் முடிந்தன" என்றாலும் தபால் வாக்கு மிச்சமிருக்கலாம். ஆய்வுக்கு மாநிலம் சான்றளித்த இறுதி எண்ணையே எடுங்கள். இடையில் எடுத்துச் சேமித்த கோப்பை அழித்துவிடுங்கள்.

காரணத்தைத் தேடும்போது

எல்லைக் காவல் வேலைகள், எண்ணெய் வயல் சம்பளம், கொரோனா காலக் கட்டுப்பாடுகள், விலைவாசி, எல்லை தாண்டி வருவோர் பிரச்சினை என ஸ்டாருக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாமே கேட்க நியாயமாக இருக்கும். கவுண்டி எண்ணால் இவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாது. எல்லாம் ஒரே இடத்தில், ஒரே காலத்தில் நடந்தவை. செய்யக்கூடியது, பக்கத்துக் கவுண்டிகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது. சபாட்டா 2020இலேயே டிரம்ப் பக்கம் போனது. ஹிடால்கோ, கேமரன், வெப், மேவரிக் ஆகியவை 2024இல் போயின. உள்ளூர்க் காரணம் ஒன்றைச் சொல்பவர், அது இல்லாத பக்கத்துக் கவுண்டியிலும் ஏன் அதே நகர்வு என்று பதில் சொல்ல வேண்டும். அதுபோலவே, பட்டதாரி விகிதம் 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, இடைநிலை வருமானம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் வருமானம்) குடும்பத்துக்கானது. இரண்டையும் வாக்காளரின் படிப்பு, வாக்காளரின் சம்பளம் என்று எழுதிவிடாதீர்கள்.

கோப்புகளை இணைக்கும்போது

மக்கள்தொகைக் கோப்பையும் வாக்குக் கோப்பையும் பெயரை வைத்து இணைக்காதீர்கள். ஒவ்வொரு கவுண்டிக்கும் ஐந்து இலக்க ஃபிப்ஸ் எண் உண்டு: ஸ்டாருக்கு 48427, முதல் இரண்டு மாநிலம், அடுத்த மூன்று கவுண்டி. எக்செல் இதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடும். அலபாமாவின் ஆட்டாகா கவுண்டி 01001 என்பது 1001 ஆகி, இணையாமல் கழன்றுவிடும். அலபாமா முதல் கனெக்டிகட்வரை ஏழு மாநிலங்களுக்கு இந்தச் சிக்கல். கோப்பைத் திறக்கும்போதே அந்த நெடுவரிசையை உரையாகக் குறியுங்கள்.

எண்களும் மாறும். தெற்கு டகோடாவின் ஷானன் கவுண்டி 2015இல் ஒக்லாலா லக்கோட்டா ஆனபோது 46113 என்பது 46102 ஆனது. டேட் கவுண்டி மயாமி-டேட் ஆனதில் 12025 என்பது 12086. வர்ஜீனியாவில் 38 தனி நகரங்கள் கவுண்டிக்கு வெளியே தனியாக எண்ணப்படுகின்றன. ஃபேர்ஃபாக்ஸ் நகரமும் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியும் இரண்டு வரிகள். பெட்ஃபோர்ட் நகரம் 2013இல் கவுண்டியோடு சேர்ந்துவிட்டது. கனெக்டிகட்டின் 8 கவுண்டிகளுக்குப் பதிலாக 9 திட்ட மண்டலங்களை 2022 விவரங்களிலிருந்து கணக்கெடுப்புத் துறை பயன்படுத்துகிறது, எல்லைகள் பொருந்தாது. அலாஸ்கா, மாநில சட்டமன்றத் தொகுதிவாரியாகத்தான் வாக்கை வெளியிடும். மிசூரியின் கான்சஸ் சிட்டிக்குத் தனித் தேர்தல் வாரியம் இருப்பதால், ஜாக்சன் கவுண்டி வாக்கு பல கோப்புகளில் இரண்டு வரியாகப் பிரிந்து கிடக்கும், கூட்டிக்கொள்ள வேண்டும்.

இணைத்து முடித்ததும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் கவுண்டி வாக்குகளைக் கூட்டி, மாநிலம் சான்றளித்த மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். டெக்சஸ் என்றால் 254 வரிகள் இருக்க வேண்டும். ஒரு வாக்கு வித்தியாசம் வந்தாலும் எந்தக் கவுண்டியில் என்று கண்டுபிடித்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.